புக் பண்ண எஸ்யூவி வர்ற மாதிரி தெரியலையா? வேற வண்டி பாக்கறது எப்படி (கடலூர், பாண்டி ஆளுங்களுக்கு)

எங்க வீட்டுக்கு ஒரு எஸ்யூவி புக் பண்ணிட்டு, "அடுத்த மாசம் வந்துரும் சார்"ங்கறதையே மாசா மாசம் கேட்டு அலுத்துப்போய், கடைசில வேற வண்டி எடுத்து இப்ப ஓட்டிட்டும் இருக்கோம். முதல்ல புக் பண்ணது எந்த வண்டி, எந்த ஷோரூம்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். அதுக்கப்புறம் மஞ்சக்குப்பத்துல இருக்கற ஃப்ரெண்டுங்கள்ல ஆரம்பிச்சு வில்லியனூர் மச்சினன் வரைக்கும் இதையே போன் பண்ணி கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி முடியல, அதான் எழுதிட்டேன். லோன் போடறது, மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, இதெல்லாம் உங்களுக்கே தெரியும், நான் அதுக்குள்ள போகல.

ஸ்டெப் 1: எதுக்காக லேட்டுன்னு கேளுங்க

சில வண்டிக்கு கூட்டமே அவ்ளோ. ஸ்கார்பியோ-என் புக்கிங் 2022 ஜூலை 30ல தொறந்தப்போ அரை மணி நேரத்துல ஒரு லட்சம் பேர் புக் பண்ணாங்க, தார் ராக்ஸ் 2024 அக்டோபர் 3ல ஒரு மணி நேரத்துல 1.76 லட்சம். அந்த மாதிரி கியூல நீங்க பின்னாடி நின்னா ஷோரூம் மேனேஜர் மாமா பையனா இருந்தாலும் ஒண்ணும் நடக்காது. ஆனா நிறைய வண்டில மாடலுக்கு வெயிட்டிங் இருக்காது, ஒரு குறிப்பிட்ட வேரியன்டுக்கு, ஆட்டோமேட்டிக்குக்கு, இல்லனா அந்த வெள்ளை கலருக்கு மட்டும் இருக்கும். அதனால கேக்க வேண்டிய கேள்வி "எப்ப வரும்"னு இல்ல, "இதே வண்டில இன்னைக்கு பணம் கட்டினா இந்த வாரம் பில் போடற மாதிரி எது எது இருக்கு?" இதை கேட்டதும் சேல்ஸ் பையன் உள்ள போய் லிஸ்ட் எடுத்துட்டு வருவான். சன்ரூஃபை விட்டுட்டா வேலை முடியுதுன்னா விட்டுருங்க, கடலூர் வெயில்ல சன்ரூஃபை எப்ப தொறக்கப் போறீங்க?

இன்னொண்ணு, "ஹுண்டாய் ஃபேக்டரி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைல தானே இருக்கு, நமக்கு சீக்கிரம் வரும்ல"ன்னு ஒருத்தர் கேட்டார். ஃபேக்டரி பக்கத்துல இருக்கறதால கியூல முன்னாடி போக முடியாதுங்க, டீலருக்கு கம்பெனி எவ்ளோ வண்டி ஒதுக்குதுங்கறதுதான் கணக்கு.

ஸ்டெப் 2: ஒரு பேப்பர், ஒரு பேனா

எக்செல்ல நாப்பது கட்டம் போட்டு கம்பேர் பண்றவங்களை பாத்திருக்கேன், ஆறு மாசம் ஆனாலும் வண்டி எடுக்க மாட்டாங்க. கோடு போட்ட நோட்டுல ஒரு பக்கம் போதும். முதல்ல புக் பண்ண வண்டி உங்களுக்கு ஏன் பிடிச்சதுன்னு மட்டும் எழுதுங்க. நாங்க எழுதினது: அப்பாவுக்கு முட்டி வலி, குனியாமலும் ஏறாமலும் அப்படியே உக்கார்ற உயரத்துல சீட்டு வேணும். மழை வந்தா எங்க தெருல தண்ணி நிக்கும், கிரவுண்ட் கிளியரன்ஸ் (ரோடுக்கும் வண்டி அடிப்பக்கத்துக்கும் நடுவுல உள்ள உயரம்) வேணும். பண்ருட்டி, வடலூர் பக்கம் அடிக்கடி போவோம், அந்த விக்கிரவாண்டி–தஞ்சாவூர் ரோடு வேலை நடந்த லட்சணம் இந்த பக்கம் எல்லாருக்கும் தெரியும், அதனால சஸ்பென்ஷன் நல்லா இருக்கணும். ஏழு சீட்டுன்னு எழுதிட்டு அப்புறம் அடிச்சுட்டோம், கடைசி சீட்டுல உக்கார எங்க வீட்ல ஆளே இல்ல. அந்த ஒரு வரிய அடிச்சதுமே பாக்க வேண்டிய வண்டி லிஸ்டே மாறிடுச்சு.

ஸ்டெப் 3: ரெட்டை வண்டி இருக்கா பாருங்க

புதுசா வாங்கறவங்க நிறைய பேருக்கு இது தெரியல. ஒரே வண்டி ரெண்டு கம்பெனி பேர்ல விக்கும். மாருதி கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா ஹைரைடரும், ஸ்கோடா குஷாக்கும் ஃபோக்ஸ்வாகன் டைகூனும், மாருதி ஃப்ராங்க்ஸும் டொயோட்டா டைசரும், இன்னோவா ஹைகிராஸும் மாருதி இன்விக்டோவும். கிரெட்டாவும் செல்டோஸும் பாக்க வேற வேற மாதிரி இருந்தாலும் இன்ஜின் எல்லாம் அண்ணன் தம்பி தான். ஒரு பக்கம் லைன் நீளமா இருந்தா இன்னொரு பக்கம் போய் கேளுங்க. ஆனா ரெண்டும் ஒரே ஃபேக்டரில, ஒரே பார்ட்ஸை நம்பி வர்றதா இருந்தா ரெண்டு பக்கமும் லேட்டாகத்தான் செய்யும், ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோட பேட்டரி மோட்டாரும் சேந்து ஓடற வண்டி) கேக்கறவங்க இதை மனசுல வச்சுக்கோங்க. அப்புறம் கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைபிரிட்ல பேட்டரி டிக்கில இடத்தை புடிச்சுக்கும், ரெண்டு பெரிய சூட்கேஸ் வச்சு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

ஸ்டெப் 4: பத்து லட்சம் கோடு

மாத்து வண்டி பாக்கும்போது "ஒரு இருவதாயிரம் தானே கூட, மேல் வேரியன்ட் போய்டலாம்"னு தோணும். தமிழ்நாட்டுல ரோடு டாக்ஸ் 2023 நவம்பர்ல ஏத்தினாங்க: 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம், 10ல இருந்து 20 லட்சம் வரைக்கும் 18, அதுக்கும் மேல 20. இப்ப போட்டு பாருங்க. 9.90 லட்சம் வண்டிக்கு டாக்ஸ் 1,28,700. 10.10 லட்சம் வண்டிக்கு 1,81,800. வண்டி விலைல இருவதாயிரம் வித்தியாசம், டாக்ஸ்ல மட்டும் 53,100 வித்தியாசம். இதோட 10 லட்சம் தாண்டினா 1 சதவீதம் டிசிஎஸ் (விக்கறவங்களே நம்மகிட்ட முன்கூட்டி புடிக்கற வருமான வரி) வேற புடிப்பாங்க, அது வருமான வரி கணக்கு காட்டும்போது திரும்ப எடுத்துக்கலாம், ஆனா அன்னைக்கு கையில இருந்து போகணும்ல.

ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22ல மாறினதுக்கு அப்புறம் இன்னொரு கோடும் வந்துடுச்சு. நீளம் 4 மீட்டருக்குள்ள, பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள, டீசல்னா 1500 சிசிக்குள்ள இருந்தா 18 சதவீதம், மத்த பெட்ரோல், டீசல் வண்டியெல்லாம் 40. நெக்ஸான், வென்யூ, சோனெட், எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ எல்லாம் இந்தப் பக்கம். பிரெஸ்ஸா 4 மீட்டருக்குள்ள இருந்தும் இன்ஜின் 1462 சிசிங்கறதால அந்தப் பக்கம் போய்டுச்சு. பெரிய எஸ்யூவி கிடைக்காம சின்னதுக்கு இறங்கறவங்க இதை தெரிஞ்சுக்கிட்டு இறங்குங்க.

இப்ப நம்ம ஊர் கேள்வி. "பாண்டில எடுத்தா சீப் தானே?" ஷோரூம் எங்க இருக்குங்கறதுக்கும் டாக்ஸுக்கும் சம்பந்தம் இல்ல, எங்க ரிஜிஸ்டர் பண்றீங்கங்கறதுதான் விஷயம். பாண்டில நிஜமாவே வீடு, அட்ரஸ் ப்ரூஃப் இருந்தா பிஒய் 01 போடுங்க, டாக்ஸ் நல்லாவே கம்மி. கடலூர்ல குடியிருந்துட்டு சித்தப்பா அட்ரஸ்ல போட்டு ஆல்பேட்டை தாண்டி தினமும் ஓட்டலாம்னு ஐடியா குடுக்கறவங்க பேச்சை கேக்காதீங்க, வேற ஸ்டேட்ல 12 மாசத்துக்கு மேல வண்டிய வச்சிருந்தா அங்க மறுபடி ரிஜிஸ்டர் பண்ணணும்னு மோட்டார் வாகன சட்டமே சொல்லுது. ஆனா பாண்டி ஷோரூம்ல வண்டி வாங்கி, டெம்ப்ரவரி ரிஜிஸ்ட்ரேஷன்ல கொண்டுவந்து, கடலூர் ஆர்டிஓல டிஎன் 31 போடறது முழுக்க சரி. ஸ்டாக் தேடற ஆளுக்கு இதுல லாபம் என்னன்னா, ஒரே நாள்ல கடலூர் இம்பீரியல் ரோட்ல இருந்து கிளம்பி பாண்டி நூறடி ரோடு வரைக்கும் எல்லா ஷோரூமும் ஏறி இறங்கிடலாம். விழுப்புரத்தையும் விட்டுடாதீங்க.

ஸ்டெப் 5: "ரெடி ஸ்டாக் இருக்கு சார்"

எனக்கு ரொம்ப நாள் போனது இங்கதான், அதனால கொஞ்சம் நிதானமா படிங்க. ரெடி ஸ்டாக்னு சொன்னா வண்டி அவங்க யார்டுல நிக்குதுன்னு நாம நினைப்போம். அவங்க பாஷைல அது யார்டுல நிக்கற வண்டியா இருக்கலாம், வேற ஊர் பிராஞ்சுல நிக்கறதா இருக்கலாம், லாரில ஏறி வந்துட்டு இருக்கறதா இருக்கலாம், கம்பெனி ஸ்டாக்யார்டுல இருந்து இனிமே தான் கேக்கணும்ங்கறதா இருக்கலாம், ஏன், வேற ஒருத்தர் கேன்சல் பண்ணுவார்னு இவங்க நம்பிட்டு இருக்கற வண்டியாகூட இருக்கலாம். ஒரு இடத்துல ரெடி ஸ்டாக்னு சொல்லி அட்வான்ஸ் கேட்டாங்க, சேஸிஸ் நம்பர் (ஒவ்வொரு வண்டிலயும் அடிச்சு வர்ற தனி நம்பர்) குடுங்கன்னேன், "மண்டே சொல்றேன் சார்", அந்த மண்டே இன்னும் வரல.

அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு கேளுங்க: சேஸிஸ் நம்பர், தயாரிச்ச மாசமும் வருஷமும். நம்பர் இருந்தா வண்டி இருக்கு, லாரில வந்தாலும் பரவால்ல. நம்பர் இல்லனா வண்டி இல்ல. வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்குங்க, வாயால சொல்றத விடுங்க.

தயாரிப்பு மாசம் ஏன்னா, சட்டுனு கிடைக்கற வண்டில பாதி போன வருஷ சரக்கா இருக்கும். "ரிஜிஸ்ட்ரேஷன் வருஷம் தான் சார் முக்கியம்"னு சொல்வாங்க. ஆர்சிலயே தயாரிச்ச மாசம், வருஷம் அச்சடிச்சு வரும், நாளைக்கு விக்கும்போது வாங்கறவன் அதைத்தான் பாப்பான். போன வருஷ வண்டி எடுக்கக்கூடாதுன்னு சொல்லல, நல்ல தள்ளுபடி குடுத்தா எடுங்க. பில்லோட வர்ற ஃபார்ம் 21லயும் (டீலர் குடுக்கற விற்பனை சர்டிஃபிகேட்) இது இருக்கும், ஒத்துப்போகுதான்னு பாருங்க. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 3224ன்னு இருந்தா 2024ல 32வது வாரம். வண்டி புதுசுங்கறாங்க, டயர் அதுக்கு ஒரு வருஷம் மூத்ததா இருந்தா ஏன்னு கேளுங்க.

இன்னும் ஒண்ணு, பழைய புக்கிங்கை புது வண்டியோட சேஸிஸ் நம்பர் கையில வர்ற வரைக்கும் கேன்சல் பண்ணாதீங்க. புக்கிங் பணத்தை எப்பவும் கம்பெனி அக்கவுண்டுக்கு தான் போடணும், சேல்ஸ் ஆளோட சொந்த ஜிபேக்கு போடவே கூடாது. விலையும் பில் போடற அன்னைக்கு என்னவோ அதுதான், புக் பண்ண நாள் விலை நிக்கும்னு எழுதி குடுத்தா மட்டும் நம்புங்க.

ஸ்டெப் 6: டெஸ்ட் டிரைவ்

ஷோரூம் வாசல்ல இருந்து பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்ட்டு வர்றது டெஸ்ட் டிரைவ் இல்ல. அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் டிராஃபிக்ல சாயங்காலம் ஊர்ந்து பாருங்க, கிளட்ச் அங்க தெரிஞ்சுரும். வீட்ல பெரியவங்களை கூட்டிட்டு போய் ஏறி இறங்க சொல்லுங்க. எங்க அப்பா ரெண்டு வண்டிய ஓட்டி பாக்கறதுக்கு முன்னாடியே, கதவை தொறந்து உக்காந்து எழுந்துட்டு "இது வேணாம்டா"ன்னுட்டார்.

நாங்க எடுத்தது ஹோண்டா எலிவேட், 1.5 பெட்ரோல். கிரவுண்ட் கிளியரன்ஸ் 220 மில்லிமீட்டர், டிக்கி 458 லிட்டர், டர்போ கிடையாது, டீசலும் கிடையாது. வேகமா ஓட்டி ரசிக்கறவங்களுக்கு இது செட் ஆகாது, அவங்க குஷாக், டைகூன்ல 1.5 டர்போவ ஓட்டி பாருங்க, அது வேற ரகம். எங்க நோட்டு பக்கத்துக்கு இது சரியா உக்காந்துச்சு, அவ்ளோதான்.

ஸ்டெப் 7: டெலிவரிக்கு முன்னாடி

பகல்ல போங்க, ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடியே போங்க. நல்ல டார்ச் ஒண்ணு எடுத்துட்டு போங்க, மொபைல் லைட்ல பெயிண்ட் கீறல் தெரியாது. நம்ம பக்கத்துல கூடுதலா பாக்க வேண்டியது வெள்ளம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல்ல பாண்டில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, அடுத்த ரெண்டு மூணு நாள்ல தென்பெண்ணை வந்து கடலூர்ல பல இடம் மூழ்கிச்சு. அந்த மாதிரி மழை சமயத்துல யார்டுல நின்ன வண்டியா உங்க வண்டின்னு எப்படி தெரியும்? சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுங்க, சேறு கோடு தெரியுதா பாருங்க. ஸ்டெப்னி குழிய தொறந்து பாருங்க, சீட்டுக்கு அடில போல்ட்ல துரு இருக்கா, ஹெட்லைட்டுக்குள்ள ஈரம் கோத்திருக்கா, எல்லாம்.

இன்சூரன்ஸ் ஷோரூம்லயே எடுக்கணும்னு கட்டாயம் கிடையாது, வெளில கொட்டேஷன் வாங்கி காட்டினாலே இங்க விலை இறங்கும். புது காருக்கு தேர்ட் பார்ட்டி (நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகற சேதத்துக்கான இன்சூரன்ஸ்) 3 வருஷத்துக்கு சேத்து கட்டியாகணும், அதுல பேரம் இல்ல. இன்ஜின் ப்ரொடெக்ஷன் ஆட்-ஆன் மட்டும் விடவே விடாதீங்க. தண்ணில நின்ன வண்டிய ஸ்டார்ட் பண்ணி இன்ஜினுக்குள்ள தண்ணி போச்சுன்னா சாதா பாலிசில பெரும்பாலும் கைய விரிச்சுருவாங்க.

அப்டேட்: நெய்வேலில இருந்து ஒருத்தர், "கேன்சல் ஆன வண்டின்னு குடுக்கறாங்க, எடுக்கலாமா"ன்னு கேட்டிருந்தார். தாராளமா எடுக்கலாம், ஆனா முந்தின ஆள் பேர்ல இன்சூரன்ஸோ டெம்ப்ரவரி ரிஜிஸ்ட்ரேஷனோ போட்டாச்சான்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. ஓடோமீட்டரையும் பாருங்க, நூறு கிலோமீட்டருக்கு மேல ஓடியிருந்தா யாருக்காவது டெஸ்ட் டிரைவ் குடுத்திருக்கலாம், ஏன்னு கேளுங்க.

அப்டேட் 2: கியூல முன்னாடி இருக்கறவர்கிட்ட கொஞ்சம் பணம் குடுத்து அவர் புக்கிங்கை வாங்கிக்கலாமான்னு மூணு நாலு பேர் கேட்டுட்டீங்க. பில்லே உங்க பேர்ல வருதுன்னு ஷோரூம் எழுதி குடுத்தா மட்டும் யோசிங்க. அவர் பேர்ல ரிஜிஸ்டர் ஆகி அப்புறம் உங்களுக்கு மாத்தினா, கிலோமீட்டர் பத்துதான் ஓடியிருந்தாலும் ஆர்சில நீங்க செகண்ட் ஓனர்.