வேர்நுனி வெட்டிய பல்: ஸ்கானில் தெரியும் கறுப்புக்குப் பதறாதீர்கள்

வேர்ச்சிகிச்சை செய்த பல்லில் மறுபடியும் சீழ் கட்டினால், சிலருக்கு முரசைக் கீறித் திறந்து, வேரின் நுனியில் ஏறத்தாழ 3 மில்லிமீற்றரை வெட்டி, வெட்டுமுகத்தை அடைத்துத் தைத்துவிடுவார்கள். உள்ளே ஒரு குழி மிஞ்சும். அது எலும்பால் நிரம்ப வேண்டும்.

வன்னியில் இருப்பவர்களுக்கு முப்பரிமாண ஸ்கான் என்றால் யாழ்ப்பாணம், கண்டி, கொழும்பு என்று பெரும்பாலும் ஒரு பயணம்தான். அதனால், தையல் வெட்டப் போகும்போதே "வந்ததோடு வந்தோம், ஸ்கானையும் எடுத்துவிடுவோம்" என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். ஒரு வாரத்தில் அந்தக் குழிக்குள் இருப்பது இரத்தக்கட்டியும் இளம் இழையமுமே. சுண்ணாம்புச் சத்து ஏறாதவரை படத்தில் அது கறுப்புத்தான். வழமையாக 6 மாதத்திலும் 1 வருடத்திலும் பார்ப்பார்கள். சந்தேகமானவற்றை 4 வருடம் வரையும் தொடர்வதுண்டு.

அடுத்தது, பொருந்தாத இரண்டு படங்களை ஒப்பிடுவது. சாதாரணச் சிறிய எக்ஸ்றேயில் "ஆறிவிட்டது" என்றவர்கள், ஸ்கானில் "இன்னும் குழி இருக்கிறது" என்றால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று கோபம் வரும். இருவர் சொன்னதும் சரியாக இருக்கலாம். சிறிய படத்தில் முன்னெலும்பும் பின்னெலும்பும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் நடுவிலுள்ள வெறுமை மறைந்துபோகும். ஸ்கான் அதே இடத்தைச் சீவல் சீவலாகக் காட்டும். ஆகவே சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்த ஸ்கானோடுதான் பின்னர் எடுத்த ஸ்கானை வைத்துப் பார்க்க வேண்டும். அச்சிட்டுத் தரும் தாளில் தெரிந்தெடுத்த சில சீவல்களே இருக்கும்; இறுவட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

சீவல்களில் வைத்தியர் தேடுபவை: வெட்டிய வேர்முகத்தின்மேல் எலும்பு படர்ந்திருக்கிறதா, கன்னப்பக்கத்து வெளிச்சுவர் மூடியிருக்கிறதா. வெளிச்சுவர் மூடச் சுணங்கலாம். மேல்தாடையில் கன்னப்பக்கமும் அண்ணப்பக்கமும் சேர்ந்தே துளைபட்டிருந்தால், நடுவில் எலும்புக்குப் பதிலாகத் தழும்பு இழையம் நிற்கக்கூடும். அது கடைசிவரை கறுப்பாகவே தெரியும், ஆனால் நோயல்ல. இதைத் தோல்வி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்குவது அநியாயம். பல்லில் உலோக மூடியோ கம்பியோ இருந்தால் அதன் அருகே கறுப்புக் கோடுகள் விழும். அவையும் எலும்புத் தேய்வு அல்ல. படமெடுக்கும் சில விநாடிகளுக்குத் தலையை அசைக்காமல் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

எல்லோருக்கும் ஸ்கான் தேவையுமில்லை. சிறிய எக்ஸ்றேயைவிட அதில் கதிர்வீச்சு அதிகம். எக்ஸ்றே பதில் சொல்லாதபோது, அந்தப் பல்லை மட்டும் அடக்கும் அளவில் எடுத்தால் போதும்.

வெற்றிலை, புகையிலை, பீடி எல்லாம் ஆறும்வரையாவது வேண்டாம். சீனி வருத்தம் உள்ளவர்கள் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். தையலைப் பார்க்கவென்று கண்ணாடி முன்னால் உதட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பவர்கள் தையலைத்தான் பிய்க்கிறார்கள்.

நோவில்லை என்று தவணைக்குப் போகாமல் விடுவதும் தவறு. வேர்நுனிப் புண் சத்தமில்லாமலும் வளரும். மாறாக, முரசில் சீழ்க்கொப்புளம் வந்தால், முகம் வீங்கினால், பல் ஆடினால் 6 மாதத் தவணைக்குக் காத்திராமல் அருகிலுள்ள வைத்தியசாலையின் பல் பிரிவுக்குப் போய்விடுங்கள். அதற்கு ஸ்கான் கையில் இருக்கவேண்டும் என்றில்லை.