மறதி என்று வரும் பெரியவர்கள்: பரிசோதனையில் சறுக்கும் இடங்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வரும் டாக்டர்கள், அந்த நாற்காலியில் நாங்கள் உட்கார்ந்த காலத்தில் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். பிபி பார், சுகர் பார் என்று இங்கே சொல்லப் போவதில்லை. அது அவர்களுக்கே தெரியும்.

வயிற்றைத் தொடாமல் ஸ்கேனுக்கு எழுதுவது

இன்றும் எரிச்சல் வருவது இதற்குத்தான். அம்பாசமுத்திரம் பக்கத்து விவசாயி ஒருவர், எழுபது தாண்டியவர். "நாலு நாளா அப்பாக்கு ஆள் அடையாளமே தெரிய மாட்டேங்கு சார். ராத்திரி பூரா எந்திச்சு எந்திச்சு நடக்காவ" என்றார் மகன். கையில் பெரிய கவர். தலை ஸ்கேன், 'வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்' என்று ரிப்போர்ட், கூடவே மறதிக்கு மாத்திரைச் சீட்டு. மருமகள் கம்மல் அடகுக்குப் போயிருந்தது.

வேட்டியைத் தளர்த்தினால் தொப்புள்வரை மேடு. தட்டினால் மந்தமான ஓசை; அழுத்தினால் முகம் சுளிக்கிறார். குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் சிறுநீர் இறங்கியது. புராஸ்டேட் வீக்கம் ஏற்கெனவே உண்டு. அதன்மேல் சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய குளோர்பெனிரமின். அது சிறுநீரையும் அடைக்கும், வயதானவர் புத்தியையும் கலக்கும். அந்தச் சளி மாத்திரையை நிறுத்திய ஓரிரு நாளில் மகனைப் பார்த்து, "வயலுக்குத் தண்ணி யாருல பாச்சுதா?" என்று அதட்டினார்.

மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஊர்ந்து வரும். நாலு நாளில் வந்து, காலையில் தெளிந்து மாலையில் கலங்கினால் அது டெலிரியம், அதாவது உடம்புக் கோளாறால் திடீரென வரும் புத்திக் குழப்பம். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். பாதியில் கவனம் நழுவும். பிறகு கையை வையுங்கள்: அடிவயிறு, மலச்சிக்கல், வறண்ட நாக்கு, நெஞ்சில் சளிச் சத்தம், காய்ச்சல். ஸ்கேனே வேண்டாம் என்பதல்ல. விழுந்து தலையில் அடிபட்டவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், ஒரு பக்கம் கைகால் தளர்ந்தவர் என்றால் அன்றைக்கே அனுப்புங்கள். கையை வைக்க ஒரு பைசா செலவில்லை. அதை விட்டுவிட்டு அனுப்புவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

காதுக்குள் பார்க்காமல் ஞாபகத்தைச் சோதிப்பது

பாம்படம் போட்டுத் தொங்கிய காதை எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள். காதுக்குள் பார்க்கும் ஓட்டோஸ்கோப்பை உள்ளே விட மாட்டார்கள். துவாரம் முழுக்க குறும்பி. கேள்வி காதில் விழாத ஆச்சி என்ன பதில் சொல்வாள்? கண்புரையும் அப்படித்தான்: கடிகாரப் படம் வரையச் சொல்வதற்குமுன் காகிதம் தெரிகிறதா என்று கேளுங்கள்.

உட்கார வைத்தே முடிப்பது

கையை ஊன்றாமல் எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வரட்டும். பாதம் தரையில் ஒட்டினாற்போல் இழுபட்டு, சிறுநீரும் அடக்க முடியவில்லையென்றால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். சிலருக்கு அந்த நீரை வடிக்கும் ஷண்ட் குழாய் வைத்தால் நடை தேறும். நடையில் கை வீசவில்லை, மணிக்கட்டு விட்டுவிட்டு இறுகுகிறது, "மூலையில பிள்ளைய நிக்கு" என்று யாருமில்லாத இடத்தைக் காட்டி வேறு சொல்கிறார் என்றால் மறதி நோயில் ஒரு வகையான லூயி பாடி நோயை நினையுங்கள். வீட்டார் அதற்குள் கோடாங்கியைப் பார்த்திருப்பார்கள். நீங்கள் ஆளை அடக்க ஹாலோபெரிடால் ஊசி போட்டுவிடாதீர்கள். உடம்பு மரம்போல் விறைத்து, உயிருக்கே ஆபத்தாகலாம்.

செருப்பைக் கழற்றச் சொல்லாமல் விடுவது

பல வருடம் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டவருக்குப் பி12 வைட்டமின் குறையலாம்; அது ஞாபகத்தையும் கால் நரம்பையும் கெடுக்கும். 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டி, கால் கட்டைவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேளுங்கள்.

"வயசானா அப்படித்தான்" என்பது

சொல்லாதீர்கள்.

நாடி பிடிக்காமல் டோனெபெசில் (மறதி மாத்திரை) எழுதுவது

அது இதயத் துடிப்பைக் குறைக்கும்; துடிப்பு ஏற்கெனவே மெதுவாக இருப்பவர் மயங்கி விழக்கூடும். முழு நிமிடம் எண்ணுங்கள்.