சொந்தமாகக் கட்டிய விமானம்: ‘பறக்கலாம்’ என்று சொல்வது யார்?

ரிவெட் அடித்தாயிற்று, இன்ஜின் மாட்டியாயிற்று என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறேன்.

1. காகிதம். இந்தியாவில் அனுமதி தருவது டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். பதிவு எண் வேறு, பறக்கும் அனுமதி வேறு. மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவுக்குப் பதிவு 2017-ல் கிடைத்தது, பறக்கும் அனுமதி 2019-ல்தான். அமெரிக்காவில் எஃப்ஏஏ என்னும் அரசு விமான அமைப்பின் ஆய்வாளரோ அதன் பிரதிநிதியோ பார்த்துவிட்டு ‘எக்ஸ்பெரிமென்டல்’ (சோதனை) சான்று தருவார். பாதிக்கு மேல் வேலையை அமெச்சூர்கள், அதாவது ஆர்வத்துக்காகக் கட்டுபவர்கள், செய்திருக்க வேண்டும். அதன் பிறகும் வழக்கமாக 40 மணி நேரம் (சான்று பெற்ற இன்ஜின், புரொப்பெல்லர் ஜோடி என்றால் 25) குடியிருப்பு குறைந்த பகுதியில் சோதனைப் பறத்தல் உண்டு. ஆக, அந்தச் சான்றுக்கு ‘சோதித்துப் பார்’ என்றுதான் அர்த்தம். இன்று காலை கிளப்பலாமா என்பது பைலட்டின் முடிவு. அந்த முடிவுக்கு எண்கள் வேண்டும்.

2. எடை போடுதல். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். லாரி எடைமேடை வேண்டவே வேண்டாம், அது 5, 10 கிலோ படியாகத்தான் காட்டும். ரைஸ் மில்லில் மூட்டை போடும் பிளாட்பாரம் தராசு போதும். ஒரே தராசு என்றால் சக்கரம் சக்கரமாக எடுங்கள். ஆனால் மற்ற இரண்டு சக்கரத்துக்கும் தராசின் உயரத்துக்கே பலகை கொடுக்க வேண்டும். பலகை இல்லாவிட்டால் விமானம் சாய்ந்து கணக்கு பொய்யாகும். குடோனுக்குள், ஃபேனை அணைத்துவிட்டு, பிரேக் பிடிக்காமல்.

ஓர் உதாரணம்: மூக்கு நுனியிலிருந்து 100 செ.மீ.யில் முன்சக்கரம், 60 கிலோ. 250 செ.மீ.யில் பின்சக்கரங்கள் இரண்டும் சேர்த்து 240 கிலோ. (6,000 + 60,000) ÷ 300 = 220 செ.மீ. இதுதான் எடை மையம். முன்சக்கரத்தில் 10 கிலோ கூடுதலாகக் காட்டிவிட்டால் விடை 216 ஆகிவிடும். நிஜத்தில் வால் கனத்த விமானம் காகிதத்தில் சரியாகத் தெரியும். வால் கனத்தது சுழன்றபடி கீழே விழத் தொடங்கினால் மீட்பது கஷ்டம்.

3. பெட்ரோல் ஓட்டம். டேங்கில் கொஞ்சமே விட்டு, ஏறும் கோணத்துக்கு மூக்கைத் தூக்கி நிறுத்துங்கள். கார்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) பக்கம் குழாயைக் கழற்றி லிட்டர் பாட்டிலில் பிடியுங்கள். முழு வேகத்தில் மணிக்கு 20 லிட்டர் குடிக்கும் இன்ஜின் என்றால், டேங்க் மேலே இருந்து தானாக இறங்கும் அமைப்பில் ஒன்றரை மடங்கு வர வேண்டும். அதாவது 30 லிட்டர். பாட்டில் 2 நிமிடத்தில் நிரம்ப வேண்டும். பம்ப் வைத்தது என்றால் 25 லிட்டர் போதும்.

4. கன்ட்ரோல். ஸ்டிக்கைப் பிடித்துக் கட்டைவிரலை மேலே நிமிர்த்துங்கள். வலப்பக்கம் சாய்த்தால் விரல் காட்டும் வலது அயிலரான் (இறக்கையின் பின் ஓரத்தில் அசையும் மடிப்பு) மேலே எழ வேண்டும். கேபிளை மாற்றிக் கோத்துவிட்டுக் கிளம்பியவர்கள் உண்டு. காசில் நட் (தலையில் பள்ளம் வெட்டிய நட்) ஒவ்வொன்றிலும் அது கழலாமல் தடுக்கும் காட்டர் பின் இருக்கிறதா என்று கட்டியவர் பார்க்கக் கூடாது, வேறொருவர் பார்க்கட்டும். கட்டியவர் கண்ணுக்கு இல்லாத பின்னும் தெரியும்.

5. நம் ஊர்க் காற்று. 35 டிகிரி வெயிலில் தரைமட்டத்திலேயே விமானம் சுமார் 2,400 அடி உயரத்தில் இருப்பதுபோல்தான் நடந்துகொள்ளும். ஓட்டம் நீளும், ஏற்றம் குறையும். முதல் பறத்தல் விடியலில்தான். நம் டெல்டாப் பக்கம் தஞ்சாவூரில் விமானப்படைத் தளம், திருச்சியில் விமான நிலையம். அதனால் வான்வெளி அனுமதி தனியாக வேண்டும்.

இன்ஜின் நின்றால் குறுவை அறுத்த வயலில் இறங்கிவிடலாமே என்பார்கள். மேலிருந்து பார்த்தால் தட்டையாகத்தான் தெரியும். வரப்பு ஒரு முழம் இருந்தாலே முன்சக்கரம் மடிந்துவிடும்.

பிற்சேர்க்கை: பங்க் பெட்ரோல் போடலாமா என்று கேட்கிறார்கள். இப்போது அதில் 20% வரை எத்தனால். நாகப்பட்டினம் ஈரக்காற்றில் அது தண்ணீரை இழுக்கும், சில ஃபைபர் டேங்க் ரெசினையும் அரிக்கும். இன்ஜின் கையேடு அனுமதித்தாலும் டேங்க் தாங்குமா என்று தனியாகப் பாருங்கள்.

இன்னொன்று, பிட்டோ குழாய்க்கு (வேகமானிக்குக் காற்றழுத்தம் கொண்டுபோகும் வெளிக் குழாய்) உறை போடாமல் விட்டால் குளவி மண் வைத்து அடைத்துவிடும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், மண் உள்ளே போய் உட்காரும். குழாயைக் கருவியிலிருந்து கழற்றிய பிறகே உள்ளிருந்து வெளியே ஊதுங்கள். கழற்றாமல் ஊதினால் வேகமானி போச்சு.