அழிந்த ரீல் மீண்டும் கிடைத்தது

வீட்டில் யாரோ கைதவறித் தொட்டதில் என் இன்ஸ்டாகிராம் ரீல் ஒன்று அழிந்துபோனது. மீட்பு மென்பொருளைக் கொண்டு போனின் நினைவகத்தைத் துழாவினேன், பயனில்லை. ரீல் இருந்தது போனில் அல்ல, இன்ஸ்டாகிராமின் சர்வரில் அல்லவா! மீட்டுத் தருவதாகச் சொல்லிக் கடவுச்சொல் கேட்ட செயலிகளை நான் தொடவில்லை, நீங்களும் தொடாதீர்கள்.

கணக்கின் செயல்பாட்டுப் பகுதியில் ‘சமீபத்தில் நீக்கப்பட்டவை’ என்று ஓர் இடம் உண்டு. திறந்தால் ஒன்றுமே இல்லை. இங்கேதான் நாள்கள் வீணாயின. திரையின் மேல்விளிம்பைக் கவனியுங்கள்: சிறு குறிகள் வரிசையாக இருக்கும். முதலில் திறப்பது சாதாரணப் பதிவுகள். ரீலுக்குத் தனிக் குறி. அதைத் தொட்டதும் என் ரீல் தென்பட்டது, மீதமுள்ள நாள்களின் எண்ணிக்கையோடு. அப்பாடா என்றிருந்தது.

மீட்டெடுக்கும்போது உறுதிசெய்யும் குறியீடு கேட்கலாம். பதிவுகளுக்கும் ரீல்களுக்கும் 30 நாள் அவகாசம். காப்பகத்தில் சேராத ஸ்டோரிக்கு 24 மணி நேரம்தான்.