கற்றுத்தர ஆளில்லாத கணக்கு வேலை: முதல் மாதத்தில் செய்யக் கூடாத தவறுகள்

பி.காம் முடித்து, கணக்கு எழுதும் மென்பொருளான டேலி வகுப்புக்கும் போய்விட்டு, சின்ன கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் வேலைக்குச் சேர்கிறீர்கள். பழைய ஆள் போன வாரமே நின்றுவிட்டார். முதலாளி தரும் பயிற்சி ஒரே வரிதான்: “பழைய ஃபைலைப் பார்த்துப் போட்டுக்கோப்பா.”

உடனே எல்லோரும் டேலியில் வேகம் பிடிக்கத்தான் பார்ப்பார்கள். வேகம் தானாக வரும். எதைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளாததுதான் நான் பார்த்த வரையில் பெரிய தவறு. அது தெரியாதவர்கள், அழித்துவிட்டு மறுபடி போடக்கூடிய வவுச்சருக்கு (ஒரு வரவு செலவுப் பதிவுக்கு) கை நடுங்குவார்கள். அரசுக்குப் போகும் வரிக் கணக்கான ரிட்டர்னைத் தாக்கல் செய்யும் பட்டனைச் சட்டென்று அமுக்கிவிடுவார்கள்.

டேலிக்குள் நடப்பதில் பெரும்பாலானவை சின்ன விஷயம். எஃப்2 அழுத்தித் தேதியை மாற்ற மறந்து, இன்றைய பில்களை நேற்றைய தேதியில் போட்டுவிடுவது. ஏற்கெனவே இருக்கும் பார்ட்டிக்கு (நம்மோடு வியாபாரம் செய்பவருக்கு), பெயரில் ஒரு புள்ளி மாறியதால் இன்னொரு லெட்ஜர், அதாவது தனிக் கணக்கு, திறந்துவிடுவது. வங்கியில் எடுத்த பணத்தைப் பதியாமல் செலவை மட்டும் எழுதி, கை இருப்பை மைனஸில் கொண்டுபோய் நிறுத்துவது. அந்த மாதத்துக்குள் கண்டுபிடித்தால் சுலபமாகச் சரிசெய்துவிடலாம். எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாத தொகையை மட்டும் ஊகித்துப் போடாதீர்கள். சஸ்பென்ஸ் என்ற தற்காலிகக் கணக்கில் வைத்து, சனிக்கிழமை மொத்தமாகக் கேளுங்கள்.

ஜிஎஸ்டி அப்படியல்ல. தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-3பி-யை (வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்னை) திருத்தித் திரும்பப் போட வழியில்லை. வரும் மாதங்களில்தான் நேர்செய்ய வேண்டும். சரக்கோடு போகும் அனுமதிச் சீட்டான இ-வே பில்லில் வண்டி எண்ணை மாற்றலாம். பார்ட்டியின் ஜிஎஸ்டி எண்ணைத் தவறாகப் போட்டிருந்தால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்துவிட்டுப் புதிதாகத்தான் எடுக்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். கோவையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்து இரண்டாவது வாரம். ஒரே பார்ட்டிக்குக் கோவையிலும் பாலக்காட்டிலும் கிளை. இரண்டு ஜிஎஸ்டி எண்ணிலும் நடுவில் இருக்கும் பத்து எழுத்து பான் எண், ஆக இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். தொடக்கம்தான் வேறு: தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. பாலக்காட்டுக்குப் போகும் சரக்குக்கு 33-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டேன். வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி வர வேண்டிய பில்லில், உள்மாநில விற்பனைக்கான சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் வந்து உட்கார்ந்தன. சாயங்காலம் ஆறு மணிக்குக் கண்ணில் பட்டது. லோடு ஏறிக்கொண்டிருந்தது, வண்டி இன்னும் கிளம்பவில்லை. அப்போதே சொல்லியிருந்தால் பத்து நிமிட வேலை. முதலாளியின் முகத்தை நினைத்து, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன். காலையிலும் சொல்லவில்லை. பார்ட்டியே போன் செய்து கேட்டபோது இரண்டு நாள் ஆகியிருந்தது. பழைய பில்லை நேர்செய்யும் கிரெடிட் நோட், புது பில், அதுவரை நிறுத்திவைத்த பணம் என்று மூன்று வாரம் இழுத்தது. தவறான எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்கு எனக்குத் திட்டு விழவில்லை. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குத்தான் விழுந்தது.

கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். ஆடிட்டர் ஆபீசில் நம் ஃபைலைப் பார்க்கும் அக்காவோ தம்பியோ இருப்பார்கள், நமக்கு உண்மையான வாத்தியார் அவர்கள்தான். ஆனால் 10, 11 தேதிகளிலும் 18 முதல் 20 வரையும் அவர்களைக் கூப்பிட்டுப் பாடம் கேட்காதீர்கள். மாதாமாதம் தாக்கல் செய்யும் நிறுவனங்களுக்கு, விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11, 3பி-க்கு 20. மற்ற நாட்களில், “எனக்கு ஒண்ணும் புரியல அக்கா” என்று தொடங்காமல், “இப்படிப் போட்டிருக்கேன், சரியா பாருங்க” என்று போட்டதைக் காட்டிக் கேளுங்கள். பதில் உடனே வரும்.

பழைய ஆள் போட்டதெல்லாம் வேதம் என்று காப்பி அடிப்பது இன்னொரு தவறு. அவருக்கும் இதே ஒரு வரிப் பயிற்சிதான் கிடைத்திருக்கும்! ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், பொதுவாக அது வருமான வரிக் கணக்கில் செலவாக ஏற்கப்படாது. லாரிக்காரர்களுக்கு மட்டும் அந்த வரம்பு 35,000. இது தெரியாமல் வருடக்கணக்காக எழுதப்பட்ட வவுச்சர் கட்டுகளைப் பார்த்திருக்கிறேன். காப்பி அடிப்பதற்கு முன் ஒருமுறை ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

தேதிகளை மனதில் வைத்துக்கொள்வதும் வேண்டாம். டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) 7, பிஎஃப், இஎஸ்ஐ (ஊழியர் காப்பீடு) 15 என்று மேஜைக் காலண்டரிலேயே எழுதிவையுங்கள். டிடிஎஸ்ஸில் மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு.

அப்புறம், முதல் வாரமே கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: ஜிஎஸ்டி ஓடிபி யார் போனுக்கு வருகிறது? முதலாளி போனுக்கு என்றால் பிரச்சினை இல்லை. நின்றுபோன ஆளின் நம்பரே இன்னும் பதிவில் இருந்தால், 20-ஆம் தேதி ராத்திரி பதினொரு மணிக்கு, சம்பளப் பாக்கியோடு போன அவரை எழுப்பி ஓடிபி கேட்கப்போவது நீங்கள்தான்.