திபெத்துக்கு வரும் 'அமெரிக்கப் பணம்': எழுதும்போது சறுக்கும் இடங்கள்

அந்தப் படம் வாட்ஸப்பில் அவ்வப்போது சுற்றி வந்துவிடும். தலாய் லாமா சிரித்துக்கொண்டிருப்பார். கீழே சிவப்பு எழுத்தில் 'சி.ஐ.ஏ. கொடுப்பது ஆண்டுக்கு 17 லட்சம் டாலர்'. தொகை பொய்யில்லை, காலம்தான் பொய். வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழில் திருத்திப் போடுவது என் வேலை. திபெத்திய அமைப்புகளுக்குப் போகும் பணம் பற்றி எழுதும்போது எங்கே வழுக்கும் என்று ஓரளவு தெரியும். நானும் வழுக்கியிருக்கிறேன்.

அந்தத் தொகை 1964-ல் எழுதப்பட்ட ஓர் அமெரிக்க ரகசியக் குறிப்பில் இருக்கிறது. மளிகைச் சீட்டு மாதிரி வரி வரியாகக் கணக்கு. நேபாளத்தில் இருந்தபடி சீனாவை எதிர்த்த 2,100 திபெத்தியக் கெரில்லாக்களுக்கு 5 லட்சம் டாலர். அமெரிக்காவின் கொலராடோவில் அவர்களுக்கு நடந்த ரகசியப் பயிற்சி முகாமுக்கு 4 லட்சம். பயிற்சி முடித்தவர்களை விமானத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவர 1,85,000. தலாய் லாமாவுக்கு மானியம் 1,80,000. இன்னும் சில வரிகளையும் சேர்த்துக் கூட்டினால் 17,35,000. பணம் வந்ததை 1998-ல் தலாய் லாமா தரப்பே ஒப்புக்கொண்டது; அவர் சொந்தச் செலவுக்கு எடுக்கவில்லை என்றும் சொன்னது. நேபாளத்தின் முஸ்டாங்கில் இருந்த அந்தக் கெரில்லாப் படை 1974-லேயே கலைந்துவிட்டது. தலாய் லாமா வாழும் இமாசல ஊரான தர்மசாலாவில் இயங்கும் திபெத்திய மனித உரிமைகள் மற்றும் ஜனநாயக மையம் தொடங்கியது 1996-ல். அந்தச் சீட்டை இந்த மையத்திடம் நீட்டுவது, தாத்தா வாங்கிய கடனுக்குப் பேரன் வாசலில் போய் நிற்பது போலத்தான்.

சரி, அப்படியானால் இன்றைய பணத்துக்கும் அந்தக் காலத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று எழுதலாமா? அதுவும் கூடாது. மானியம் கொடுப்பவர்களில் இப்போது அடிக்கடி அடிபடும் பெயர் அமெரிக்காவின் ஜனநாயகத்துக்கான தேசிய அறக்கட்டளை, சுருக்கமாக என்.இ.டி. 1983-ல் தொடங்கியது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆலன் வைன்ஸ்டைன், 25 ஆண்டுகளுக்கு முன் சி.ஐ.ஏ. மறைவாகச் செய்ததில் நிறையவற்றை இப்போது நாங்கள் செய்கிறோம் என்ற பொருளில் 1991-ல் ஒரு பத்திரிகையிடம் சொன்னார். அதை எடுத்துக் காட்டுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் மறைவாக நடந்தது வெளிப்படையாக நடக்கத் தொடங்கியதுதான் அவர் பேச்சின் சாரம். அந்தப் பாதியை வெட்டிவிடுகிறார்கள். இன்னொரு தரப்பு 'தனியார் அறக்கட்டளை' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறது. பதிவின்படி தனியார் சரி, பணம் அமெரிக்க நாடாளுமன்றத்துடையது. 'அமெரிக்க அரசுப் பணத்தில், அரசுக்கு வெளியே இயங்கும் அமைப்பு' என்று எழுதினால் தலைப்பில் அடங்காது, ஆனால் தவறில்லை.

வாங்குகிற பக்கத்திலும் இதே கலப்படம். 'திபெத்தியர்களுக்கு' என்று ஒரே பையில் போட்டுவிடுகிறோம். மத்தியத் திபெத்திய நிர்வாகம் என்பது தர்மசாலாவில் இருக்கும், தேர்தலில் வென்ற தலைவரும் 45 உறுப்பினர் நாடாளுமன்றமும் கொண்ட, நாடு கடந்த அரசு. சீனாவுக்குள் உண்மையான தன்னாட்சி கேட்கும் 'நடுவழி'தான் அதன் கொள்கை. 1970-ல் தொடங்கிய திபெத்திய இளைஞர் காங்கிரஸ் முழு விடுதலை கேட்கிறது. கு-சு-சும் முன்னாள் அரசியல் கைதிகளின் சங்கம். பெயருக்கு ஒன்பது, பத்து, மூன்று என்று பொருள்: திபெத்தின் தலைநகர் லாசாவில் 1987 செப்டம்பர், அக்டோபர், 1988 மார்ச் மாதங்களில் நடந்த போராட்டங்களின் நினைவு. ஒருவர் வாங்கிய மானியத்தை இன்னொருவர் கணக்கில் எழுதுவது வெறும் கைப்பிசகு இல்லை. அவர்களுக்குள் இருக்கும் அரசியல் வேறுபாட்டையே அழித்துவிடுகிறது. அப்புறம், நாடு கடந்த திபெத்தியர்கள் 'சத்ரெல்' என்ற தன்னார்வ வரியைத் தங்கள் நிர்வாகத்துக்கு ஆண்டுதோறும் கட்டுகிறார்கள். அது 'பச்சைப் புத்தகம்' என்ற அவர்களுடைய அடையாளக் கையேட்டில் பதிவாகும், பாக்கி இருந்தால் ஓட்டுப் போட முடியாது. தொகை சின்னதுதான், ஆனால் 'முழுக்க வெளிநாட்டுப் பணம்' என்று எழுதும் கை அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

என் சொந்தச் சறுக்கல் 'ஒதுக்கீடு' என்ற சொல்லில். 2020 டிசம்பரில் கையெழுத்தான அமெரிக்கத் திபெத் கொள்கை மற்றும் ஆதரவுச் சட்டத்தில், 2021 முதல் 2025 வரை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் தொகைகள் இருந்தன: திபெத்துக்குள் வாழ்வோருக்கு உதவும் அமைப்புகளுக்கு 80 லட்சம் டாலர், இந்தியா, நேபாளத்தில் உள்ள திபெத்தியர்களுக்கு 60 லட்சம், திபெத்திய நிர்வாகத் திறனை வளர்க்க 30 லட்சம். 'அமெரிக்கா ஒதுக்கியது' என்று போட்டேன். அங்கே இவ்வளவு வரை கொடுக்கலாம் என்று அனுமதிப்பது ஒரு சட்டம், அந்தப் பணத்தை உண்மையில் விடுவிப்பது வேறு சட்டம். தமிழில் இரண்டுக்கும் 'ஒதுக்கீடு' என்றே எழுதிப் பழகிவிட்டோம். முதலாவதற்கு 'அனுமதித்த வரம்பு' என்றாவது எழுதலாம். விடுவித்த பணமும் கைக்கு வந்ததாகச் சொல்ல முடியாது. 2025 ஜனவரியில் டிரம்ப் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, ஒப்பந்தம் கையில் வைத்திருந்தவர்களுக்கும் பணம் நின்றது. என்.இ.டி. தனக்குச் சேர வேண்டியதைக் கேட்டு மார்ச்சில் நீதிமன்றம் போனது.

வெளிநாட்டு அரசு என்றதும் வாஷிங்டன் மட்டும் நினைவுக்கு வருவது இன்னொரு பழக்கம். திபெத்தியர்களுக்கு இந்தியாவும் வெளிநாடுதான். மத்தியத் திபெத்திய நிவாரணக் குழுவுக்கு 2015-16 முதல் 5 ஆண்டுகளுக்கு 40 கோடி ரூபாய் தர இந்திய அரசு முடிவு செய்தது, பிறகு அதை நீட்டித்தது. இது மனித உரிமைப் பணிக்கான பணம் இல்லை, இந்தியாவில் உள்ள திபெத்தியக் குடியிருப்புகளின் நிர்வாகத்துக்கும் நலனுக்கும். அந்த வேறுபாட்டையும் சேர்த்தே எழுத வேண்டும். இந்தியாவில் பதிவான அமைப்பு எதுவானாலும், வெளிநாட்டு நன்கொடை வாங்கினால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வந்தாக வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டுப் பணம் ஸ்டேட் வங்கியின் புது டெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். அலுவலகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாங்கியவர் இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. 'பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன அமைப்புகளுக்குப் பங்கு போடுகிறது' என்று பழைய கட்டுரையைப் பார்த்து இன்னும் எழுதுகிறார்கள்.

கடைசியாக, 'பணம் வாங்கினார்கள், ஆகவே கோரிக்கையும் வாங்கப்பட்டது' என்ற தாவல். 2025-ல் பணம் நின்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 10 வந்தது. சீன ஆட்சிக்கு எதிராக லாசாவில் நடந்த 1959 எழுச்சியின் நினைவு நாள். தர்மசாலாவின் மெக்லியோட் கஞ்சில் எப்போதும்போலக் கொடி பிடித்து ஊர்வலம் போனார்கள். அதைக் காட்டிப் பணத்தால் எந்த மாற்றமும் இல்லை என்றும் வாதிடக் கூடாது. அதே மார்ச்சில்தான், அமெரிக்க அரசுப் பணத்தில் நடக்கும் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் திபெத்திய ஒலிபரப்பும் நின்றது. ஊர்வலத்துக்கு மானியம் வேண்டியதில்லை. தினமும் திபெத்திய மொழியில் செய்தி வாசிக்க வேண்டும் என்றால், மாதம் பிறந்தால் சம்பளம் போட ஒருவர் வேண்டும்.