அறிவியல் மிகுபுனைவில் காதலும் இறைத்தேடலும்: எழுதுபவர்கள் சறுக்கும் இடங்கள்

விண்கலமும் மந்திரமும் ஒரே கதைக்குள் இருக்க வேண்டும். விரசமோ ரத்தக்களறியோ கூடாது. காதல் அவசரப்படாமல் வளர வேண்டும். கடவுளையோ ஆன்மாவையோ தேடும் ஓர் இழை ஊடே ஓட வேண்டும். படித்து முடித்தவருக்கு நம்பிக்கை மிஞ்ச வேண்டும். இப்படி ஒரு கதையை எழுத உட்காருபவர்களில் பலர் இதை எளிய வகை என்று நினைத்துக்கொள்கிறார்கள். எதையெல்லாம் கதையிலிருந்து எடுத்துவிடுவது என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. எடுத்த இடத்தில் எதை வைப்பது என்று மட்டும் யோசிப்பதில்லை. குறைகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

மந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். நாயகி கையை நீட்டினால் கலத்தின் எஞ்சின் சரியாகிறது. அடுத்த அத்தியாயத்தில் நீட்டினால் குழந்தையின் காய்ச்சல் இறங்குகிறது. அப்புறம் எதிரிப் படை வந்து நிற்கும்போது வாசகர் ஏன் பயப்பட வேண்டும்? கையை நீட்டுவாள், முடிந்துவிடும். சக்திக்கு எல்லையும் விலையும் வேண்டும். ஒருவரைக் குணப்படுத்தினால் அன்றிரவு முழுக்க அவளுக்குக் காது கேட்காது என்று வைத்துப்பாருங்கள். அபாய மணி அடித்தால் அவளை யார் எழுப்புவது, அந்த ஆளை அவள் எவ்வளவு நம்புகிறாள் என்ற கேள்விகள் தானாக வந்துவிடும். மந்திரத்தின் விலையிலிருந்தே காதலுக்கும் ஒரு வாசல் திறக்கிறது.

‘மிகுபுனைவுதானே’ என்று அறிவியலை அவிழ்த்துவிடுவது அடுத்த சறுக்கல். ஒரு விதியை மீறுங்கள், இரண்டை மீறுங்கள், வாசகர் ஒத்துக்கொள்வார். மற்ற விதிகள் அப்படியே நிற்க வேண்டும். குறிப்பாகத் தொலைவு. பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒரு செய்தி போய்ச்சேர, கோள்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து, ஏறக்குறைய 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகும். பலர் இதைத் தொல்லையாக நினைத்து, நொடியில் பேசும் கருவி ஒன்றைக் கதைக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். எனக்கு இது கையில் விழுந்த பரிசைத் தூக்கி எறிவதாகத் தோன்றுகிறது. ‘நீ வருவாயா?’ என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டிய ஒருவனை இயற்பியலே எழுதிக்கொடுக்கிறது.

இன்னும் தள்ளிப் போனால் இன்னும் நல்லது. சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீனான பிராக்ஸிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. 1977-ல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் இன்று போகும் வேகத்தில் அவ்வளவு தூரத்தைக் கடக்க 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஒளியின் வேகத்தில் 99 சதவீதத்தில் போகும் கலத்தைக் கற்பனை செய்தால், பூமியில் இருப்பவருக்கு நான்கே கால் ஆண்டுகள் ஓடும். அந்த வேகத்தில் காலமே மெதுவாக ஓடுவதால், கலத்துக்குள் இருப்பவருக்கு ஏழு மாதம் சொச்சம்தான். போய்த் திரும்பிய ஒருத்தி பதினான்கு மாதப் பிரிவோடும், பூமியில் காத்திருந்த ஒருவன் எட்டரை ஆண்டுப் பிரிவோடும் மறுபடி பேசத் தொடங்கும் காட்சிக்கு வில்லன் தேவையில்லை.

காதலில்தான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. ஸ்லோ பர்ன், அதாவது மெல்ல மெல்லக் கனியும் காதல் என்று பெயர் வைத்துவிட்டு, இருநூறு பக்கத்துக்கு இருவரையும் ஒதுக்கி வைத்து, கடைசி அத்தியாயத்தில் ஒரு வெடிவிபத்தை நடத்தி உண்மையைச் சொல்ல வைப்பார்கள். இல்லையென்றால், ஒரு வார்த்தை பேசினால் தீர்ந்துவிடும் தப்பெண்ணத்தை வைத்து இழுப்பார்கள். இரண்டிலும் காதல் வளர்வதில்லை, தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு சில அத்தியாயத்துக்கும் அவர்களுக்கிடையே திரும்பப் பெற முடியாத ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும்: ஒரு ரகசியம் சொல்லப்பட்டிருக்கும், ஓர் உதவி மறுக்கப்பட்டிருக்கும், ஒருவர் சொன்ன பொய்யை மற்றவர் கண்டும் காணாமல் விட்டிருப்பார்.

இதைக் கற்றுக்கொள்ளத் தமிழில் எழுதுபவர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சங்கக் காதல் பாடல்களின் அகத்திணை ஐந்துக்கும் உரிய மனநிலையை, அதாவது உரிப்பொருளை, வரிசையாக நினைத்துப்பாருங்கள். குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல். ஐந்தில் நான்கு, இருவரும் சேராமல் இருக்கும் நிலைகள். ஒவ்வொன்றுக்கும் அதற்கான நிலமும் பொழுதும் உண்டு; மாலையும் மழைக்காலமும் வந்தாலே முல்லைத் தலைவியின் மனம் தெரிந்துவிடும், அவள் வாய் திறக்க வேண்டாம். நீங்கள் கற்பனை செய்யும் கோளுக்கும் அந்த வேலையைக் கொடுக்கலாம். இரண்டு நிலவும் ஊதா நிறப் புல்லும் வெறும் அலங்காரமாக நின்றால் வீண். இரண்டு நிலவும் ஒன்றாக எழும் இரவில்தான் கலம் புறப்பட முடியும் என்றால், வானத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவளுக்குப் பிரிவு நினைவுக்கு வரும்.

தீர்க்கதரிசனக் காதல் என்று ஒன்று உண்டு. ஏழேழு ஜென்ம பந்தம், ஆகாயத்தில் எழுதியாகிவிட்டது, நெற்றியில் குறி ஒளிர்கிறது. முதல் சந்திப்பிலேயே விதி முடிவு செய்துவிட்டால் அந்த இருவருக்கும் முடிவு செய்ய என்ன பாக்கி? பந்தம் வேண்டுமானால் இருக்கட்டும். அதை மறுக்கும் உரிமையையும் அவர்களுக்குக் கொடுங்கள், ஒருமுறையாவது மறுக்கட்டும்.

விரசம் வேண்டாம் என்பதற்காக உடலே இல்லாத பாத்திரங்களைப் படைப்பதும் நிறைய நடக்கிறது. வியர்க்காது, பசிக்காது, கை நடுங்காது. விண்ணுடையின் கழுத்து வளையம் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று ஒருவர் மற்றவருக்குச் சரிபார்த்துத்தான் வெளியே அனுப்ப முடியும் என்றால், அந்த அரை நிமிடத்தில் உயிர் இன்னொருவர் விரலில் இருக்கிறது. எந்த வரம்பையும் தாண்டாமல் நெருக்கத்தைச் சொல்ல இது போதும்.

நம்பிக்கை தரும் கதை என்பதற்காக யாரையும் சாகவிடாமல், செத்தவரையும் எழுப்பிக் கூட்டிவந்துவிடுவது பழைய வியாதி. இழப்பு இழப்பாகவே நிற்கட்டும்.

சரி, ஆன்மீகத்துக்கு வருவோம். இங்கே மிகப் பெரிய ஆசை, அறிவியலைக் கொண்டு கடவுளை நிரூபித்துவிடுவது. விஞ்ஞானி கருவியைப் பார்ப்பார், கண்ணீர் விடுவார், கும்பிடுவார். ஜார்ஜ் லெமெய்த்ரின் கதை இதைவிடச் சுவாரசியமானது. அவர் இயற்பியலாளர், கத்தோலிக்கப் பாதிரியாரும்கூட. அண்டம் விரிகிறது என்பதை 1927-லேயே எழுதி, பெருவெடிப்புக் கருத்துக்கு வித்திட்டவர். 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ், அண்டத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்னும் அந்தக் கருத்தைப் படைப்புக்குச் சான்றுபோலப் பேசியபோது, பாதிரியாரான லெமெய்த்ருக்கே அது பிடிக்கவில்லை. தன் கொள்கையை மதத்துக்கு ஆதாரமாக்கக் கூடாது என்பது அவர் நிலை. இரண்டையும் உண்மையாக நேசித்து, ஒன்றை மற்றொன்றுக்குச் சாட்சியாக நிறுத்த மறுக்கும் ஒரு மனிதர் கதைக்குள் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நம்பாதவரை முட்டாளாகவோ வில்லனாகவோ காட்டும் பழக்கமும் அப்போது தானாகக் குறையும்.

உபதேசம் செய்யும் முதியவரை முடிந்தவரை குறையுங்கள். பக்தியைச் செயலில் காட்டுங்கள், அதுவும் சிக்கல் உள்ள செயலில். மலேசிய விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் ஷுக்கோர் 2007-ல் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனார். நிலையம் பூமியைச் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுவதால் அங்கே ஒரு நாளில் 16 சூரிய உதயம். ஐந்து வேளைத் தொழுகைக்கு எந்த விடியலைக் கணக்கில் எடுப்பது? எடையின்றி மிதந்துகொண்டு எந்தத் திசையை நோக்குவது? மலேசிய மார்க்க அறிஞர்கள் இதற்கென்றே ஒரு வழிகாட்டியைத் தயாரித்தார்கள். ஏவப்பட்ட இடத்தின் நேரத்தைப் பின்பற்றலாம், திசையை இயன்ற அளவு பார்த்துக்கொள்ளலாம் என்றது அது. இந்தக் கேள்விகளை உங்கள் உலகத்திடமும் கேளுங்கள். ஒரே முகத்தைத் தன் சூரியனுக்குக் காட்டியபடி சுற்றும் கோளில் விடியலே கிடையாது. அங்கே பிறந்த மதத்தில் காலைப் பூஜை இருந்தால், யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்திருக்க வேண்டும். யார், ஏன் என்பதே ஒரு நாவலுக்குப் போதும்.

கடைசி அத்தியாயத்தில் போர் முடிவது, காதல் சேர்வது, இறைவன் காட்சி தருவது மூன்றையும் ஒரே காட்சியில் அடைக்காதீர்கள். போரை முதலில் முடித்து, காதலை அதற்கு இரண்டு மூன்று அத்தியாயம் கழித்து அமைதியான பொழுதில் பேசவிடலாம். இறைத்தேடலை முடிக்காமலே விட்டாலும் வாசகர் குறை சொல்ல மாட்டார்.